திரும்பப் பெற்ற கட்டுரைகள் யார் கண்ணில் படுகின்றன?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாளிதழில் ஒருவரின் பெயரோ ஊரோ தவறாக அச்சாகிவிட்டால், வருத்தம் தெரிவித்து அடுத்த ஓரிரு நாளில் திருத்தம் வந்துவிடுகிறது. ஆய்விதழ்கள் இதே கடமையை, அதாவது தவறான கட்டுரையைச் செல்லாது என்று அறிவித்துத் 'திரும்பப் பெறுவதை', எப்படிச் செய்கின்றன என்பதை, மருத்துவக் கல்லூரி நூலகத்தில் நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

1998 பிப்ரவரியில் ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் அவருடைய குழுவினரும் 'லான்செட்' என்ற பிரிட்டன் மருத்துவ ஆய்விதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். வெறும் 12 குழந்தைகளைப் பற்றிய அந்தக் கட்டுரை, தட்டம்மை, பொன்னுக்குவீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர் தடுப்பூசியால் ஆட்டிசம் வருமோ என்ற அச்சத்தை உலகெங்கும் விதைத்தது. பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் 2004இல் அதன் பின்னணியை வெளிக்கொணர்ந்தார். அவ்வாண்டே, உடன் எழுதியவர்களில் 10 பேர் தடுப்பூசி பற்றிய அந்த விளக்கத்தைக் கைவிட்டார்கள். ஆனாலும் கட்டுரை முழுவதும் திரும்பப் பெறப்பட்டது 2010 பிப்ரவரியில்தான், அதுவும் பிரிட்டனின் பொது மருத்துவக் கவுன்சில் விசாரித்துத் தன் முடிவைச் சொன்ன பிறகு. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் எத்தனை பெற்றோர் ஊசி வேண்டாம் என்று முடிவெடுத்திருப்பார்கள் என்று நினைக்கும்போதே மனம் பதறுகிறது.

எங்கள் நூலகத்தில் 1998ஆம் ஆண்டு இதழ்கள் பைண்டு செய்யப்பட்டு அலமாரியில் இருந்தன. திரும்பப் பெறும் அறிவிப்பை நகலெடுத்து, அக்கட்டுரை தொடங்கும் 637ஆம் பக்கத்தில் என் கையாலேயே பசை தடவி ஒட்டினேன். இணையத்தில் உள்ள படியில் இன்று பக்கந்தோறும் சிவப்பு எழுத்தில் அந்த அறிவிப்பு தெரிகிறது. ஆனால் அதற்கு முன்பே பதிவிறக்கி வைத்தவரின் கணினியிலும், யாரும் எதுவும் ஒட்டாத நூலகங்களின் அலமாரிகளிலும் அக்கட்டுரை மறுப்பு ஏதுமின்றி அப்படியே இருக்கிறது.

விரைவாகச் செய்ய முடியாது என்பதும் உண்மையல்ல. கொரோனா காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைப் பற்றி அதே இதழில் 2020 மே 22 அன்று வெளியான கட்டுரை, ஆய்வாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுக் கேள்வி எழுப்பியதாலும், கட்டுரைக்குத் தரவு அளித்த 'சர்ஜிஸ்ஃபியர்' நிறுவனம் மூலத் தரவுகளைத் தணிக்கைக்குத் தர மறுத்ததாலும், ஜூன் 4 அன்றே திரும்பப் பெறப்பட்டது.

திரும்பப் பெறுவதை மானக்கேடாகக் கருதுவதே தாமதத்துக்குப் பெருங்காரணம் என்பது என் எண்ணம். வேதியியலுக்கான நோபல் பரிசை 2018இல் பெற்ற பிரான்சிஸ் ஆர்னால்டு, தம் குழுவின் கட்டுரை ஒன்றில் கண்ட முடிவுகளை மீண்டும் பெற முடியவில்லை என்று 2020 ஜனவரியில் தாமே அறிவித்து, அதைத் திரும்பப் பெற்றார். நேர்ந்த பிழையை ஒப்புக்கொண்டவரையும் தரவைப் புனைந்தவரையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். ஆகவே யார் திரும்பப் பெறுகிறார், எதனால் பெறுகிறார் என்பதை அறிவிப்பிலேயே தெளிவாக எழுத வேண்டும். பதிப்பு நெறிகளுக்கான 'கோப்' அமைப்பின் வழிகாட்டுதலும் இதையே சொல்கிறது. ஒற்றை வரியில் காரணம் சொல்லாமல் முடியும் அறிவிப்புகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

திரும்பப் பெற்ற கட்டுரைகளின் 'ரிட்ராக்ஷன் வாட்ச்' தரவுத்தளம் 2023 முதல் ஆய்வுக் கட்டுரைகளுக்கு அடையாள எண் பதியும் 'கிராஸ்ரெஃப்' அமைப்பின் வழியாக எல்லோருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேட்டை ஏற்கும் முன், அதன் மேற்கோள் பட்டியலை இத்தரவுத்தளத்தோடு ஒப்பிடுவதை நம் பல்கலைக்கழகங்கள் கட்டாயமாக்க வேண்டும். தாங்களும், ஓர் ஆய்வு முடிவைச் செய்தியாக வெளியிட்டபின் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டால், அதையும் அதே பக்கத்தில் வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நூலகர்,
திருச்சிராப்பள்ளி.