எண்ணோடு துறையையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களின் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினார்கள் என்பதை வைத்துக் கணக்கிடும் ஹெச்-இண்டெக்ஸ் எண்ணை ஒரே அட்டவணையாகத் தங்கள் ஞாயிறு இதழில் வெளியிட்டிருந்தீர்கள். மேலே வேதியியலும் மருந்தியலும். அடியில் கணிதம், வரலாறு, தமிழ். அதோடு நிறுத்தியிருந்தால் பேசாமல் இருந்திருப்பேன். "மொழித் துறைகளில் ஆராய்ச்சி நின்றுபோனதையே இந்த எண்கள் காட்டுகின்றன" என்று கீழே ஒரு வரி சேர்த்தீர்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை. இந்த எண்களைத் தொகுத்துக் கொடுப்பதே வேலையாக இருந்த நூலகர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒருவரிடம் கேட்டிருக்கலாம்.

கணக்கு தங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்கு வரிசையில் அடுக்க வேண்டும். வரிசை எண்ணுக்குக் குறையாத மேற்கோள் உள்ள கடைசிக் கட்டுரையின் வரிசை எண்ணே ஹெச்-இண்டெக்ஸ். 42, 18, 11, 7, 5, 3 என்று இருந்தால் ஐந்தாவது கட்டுரைக்கு 5 மேற்கோள் உண்டு, ஆறாவதற்கு 6 இல்லை. எனவே ஹெச்-இண்டெக்ஸ் 5. முதல் கட்டுரையின் 42 நாளை 4,000 ஆனாலும் அந்த 5 அசையாது. ஒரே ஒரு பெரிய வேலையை ஆயுள் முழுக்கச் செய்தவருக்கு இந்த அளவுகோலில் இடமே இல்லை.

இதை 2005இல் உருவாக்கிய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ், துறைக்குத் துறை எண் மாறும் என்று அந்தக் கட்டுரையிலேயே எச்சரித்திருக்கிறார். அவர் கொடுத்த பட்டியலில் உயிரறிவியலின் முதல் பத்துப் பேரில் கடைசியானவருக்கே 120. இயற்பியலில் முதலிடம் பெற்ற எட்வர்ட் விட்டனுக்கு 110. விட்டன் குறைந்தவர் என்று ஹிர்ஷ் சொல்லவில்லை. தங்கள் அட்டவணை அப்படித்தான் சொல்கிறது.

காரணங்கள் எளியவை. உயிர்வேதியியல் கட்டுரையின் கடைசியில் ஐம்பது அறுபது மேற்கோள்கள் இருப்பது சாதாரணம். கணிதத்தில் அவ்வளவு இராது. ஓர் ஆய்விதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை மேற்கோள் பெறுகின்றன என்று காட்டும் இம்பாக்ட் ஃபேக்டர், முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களை மட்டுமே எண்ணும். கணிதத்தில் ஒரு நிரூபணத்தைப் படித்து, சரிபார்த்து, அதன்மேல் அடுத்தவர் எழுதுவதற்குள் அந்த இரண்டு ஆண்டும் ஓடிவிடும். தமிழிலும் வரலாற்றிலும் ஆராய்ச்சியின் கனி கட்டுரையல்ல, நூல். தமிழ்-பிராமிக் கல்வெட்டுகளை ஐராவதம் மகாதேவன் 1966இல் தொகுத்தார். விரிவான நூல் 2003இல்தான் வந்தது. இடையில் 37 ஆண்டுகள். அதை மேற்கோள் காட்டுகிறவர்களில் பெரும்பாலோர் எழுதுவது தமிழ் நூல்களிலும் அகழாய்வு அறிக்கைகளிலும். அவை ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்தின் கணக்கில் பெரும்பாலும் ஏறுவதில்லை.

எண் எங்கிருந்து எடுக்கப்பட்டது என்றும் தாங்கள் சொல்லவில்லை. கூகுளின் ஆய்வுத் தேடுதளமான கூகுள் ஸ்காலர், ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை, இதழில் வருமுன் இணையத்தில் வெளியிடும் முன்பதிப்பு எல்லாவற்றையும் எண்ணும். ஸ்கோபஸ் தான் தேர்ந்தெடுத்த இதழ்களோடு பெரும்பாலும் நின்றுவிடும். ஒரே ஆளுக்கு இரண்டிலும் இரண்டு எண் வரும்.

நம் பெயர்களின் பாடு தனி. தலைப்பெழுத்தை விரித்து எழுது என்று இதழ் கேட்கும். சு. முருகன் 'சுப்பையா முருகன்' ஆவார். இன்னோர் இதழ் பெயரைத் திருப்பிப் போட்டு 'முருகன் சுப்பையா' என்று அச்சிடும். தரவுத்தளத்தில் முருகனுக்கு ஒரு கணக்கு, அவருடைய அப்பாவுக்கு ஒரு கணக்கு. மேற்கோள் இரண்டாகப் பிரிந்தால் ஹெச்-இண்டெக்ஸ் சரியும். சில சமயம் வேறு ஊர் முருகனின் கட்டுரைகளும் வந்து ஒட்டிக்கொள்ளும். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனி அடையாளமாகத் தரப்படும் ஆர்க்கிட் எண் வாங்கி, பிரிந்த கணக்குகளை இணைக்கச் சொல்லி விண்ணப்பித்து, பட்டியலை வரி வரியாகச் சரிபார்த்தால்தான் எண் நம்பத்தக்கது. இந்தச் சரிபார்ப்பு நடந்ததா?

கூட்டுக் கட்டுரை விஷயமும் உண்டு. 2015இல் ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி வந்த கட்டுரைக்கு ஆசிரியர்கள் 5,154 பேர். 33 பக்கத்தில் 24 பக்கம் பெயரும் முகவரியும். அதற்குக் கிடைக்கும் ஒவ்வொரு மேற்கோளும் அத்தனை பேர் கணக்கிலும் முழுதாக ஏறும். தனியாக உட்கார்ந்து ஓலைச்சுவடி ஒப்பிட்டுப் பதிப்பிக்கிறவர் ஒருவரே.

ஆசிரியர் நியமனம், பதவி உயர்வு பற்றிய பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளைப் பாருங்கள். இம்பாக்ட் ஃபேக்டர் 10க்கு மேல் உள்ள இதழில் ஒரு கட்டுரை வந்தால் 30 புள்ளி. இந்தியப் பதிப்பகத்தில் ஒரு முழு நூல் வந்தால் 10. மொழிபெயர்ப்பு நூலுக்கு 8. இதைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் தங்கள் இதழ் ஒரு தலையங்கமாவது எழுதியதாக நினைவில்லை. இதற்கெல்லாம் ஈடுகொடுத்து நிற்கும் துறைகளைத்தான் ஆராய்ச்சி நின்றுபோனவை என்று எழுதினீர்கள்.

துறைகளை ஒப்பிடவே கூடாது என்று சொல்லவில்லை. வழி இருக்கிறது. ஒரு கட்டுரையின் மேற்கோளை, அதே துறையில், அதே ஆண்டில், அதே வகையில் வந்த கட்டுரைகளின் சராசரியால் வகுக்க வேண்டும். கணிதத்தில் சராசரி 4, ஒருவருக்கு 6 என்றால் 1.5. மருந்தியலில் சராசரி 30, ஒருவருக்கு 30 என்றால் 1. தங்கள் அட்டவணையில் 30 மேலே, 6 அடியில். பத்துப் பன்னிரண்டு கட்டுரை மட்டுமே உள்ளவருக்கு இந்த விகிதமும் தடுமாறும்; ஒரே கட்டுரை அதைத் தூக்கிவிடும். அங்கே சதமான வரிசை, அதாவது அதே துறைக் கட்டுரைகளில் நூற்றுக்கு எத்தனையை ஒரு கட்டுரை முந்துகிறது என்ற கணக்கு, மேல். நாளிதழ்கள் ஆண்டுதோறும் கொண்டாடும் 'உலகின் 2 சதவீத விஞ்ஞானிகள்' பட்டியல்கூட 174 உட்துறைகளாகப் பிரித்துத்தான் தயாராகிறது. சிறிய துறையில் நாலைந்து மேற்கோள் கூடினாலே வரிசை கலைந்துவிடும் என்பதால் கிளாரிவேட் நிறுவனம் 2023இல், அதிகம் மேற்கோள் காட்டப்பட்ட ஆய்வாளர்கள் என்ற தன் பட்டியலிலிருந்து கணிதத்தையே விலக்கிவைத்தது.

நான் கேட்பது சிறியது. இனி இத்தகைய அட்டவணையை வெளியிடும்போது தரவுத்தளத்தின் பெயர், எடுத்த தேதி, துறைச் சராசரி மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். அந்த ஒரு வரிக்கு, அது வந்த அதே பக்கத்தில், திருத்தம் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பல்கலைக்கழக நூலகர்,
மதுரை.