தாலியைத் தூக்கிய ட்ரோன் மருந்தையும் தூக்கட்டும்

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழக அதிகாரிகளுக்கு,

வணக்கம். போன மாதம் வடபழனியில் ஒரு கல்யாணம். மண்டபத்துக்குள்ளேயே விர்ரென்று ஒரு ட்ரோன் பறந்து வந்து மணமேடையில் தாலியை இறக்கியது. எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ மலையடிவாரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்மசிஸ்ட்டாக இருந்த காலம் ஞாபகம் வந்தது.

ஒரு ஐப்பசி இரவு, பாம்புக்கடி கேஸ். எட்டு குப்பி ஏ.எஸ்.வி. (பாம்பு விஷமுறிவு மருந்து) ஏற்றிய பிறகு அலமாரியில் மிச்சம் இரண்டு. காலையில் மழை விட்டுவிட்டது. ஆனால் ரோடு சரிந்து கிடந்தது. மருந்து வண்டி வர மூன்று நாள். அதுவரை ராத்திரியில் யார் கதவைத் தட்டினாலும் வயிற்றில் புளியைக் கரைத்தது.

பத்து குப்பி ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். உலர்ந்த தூளாக வருவதற்கு ஐஸ் பெட்டிகூட வேண்டாம். அதைத் தயாரிக்கத் தேவையான பாம்பு விஷத்தை இருளர்கள் எடுப்பது நம் வடநெம்மேலியில்தான்!

ருவாண்டாவில் 2016 முதல் ட்ரோன்கள் ரத்தப் பைகளைப் பாராசூட்டில் இறக்குகின்றன. 2021 அக்டோபரில் மணிப்பூரின் கராங் தீவுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் (ஐ.சி.எம்.ஆர்.) ட்ரோனில் தடுப்பூசி அனுப்பியது. தரைவழியே 26 கி.மீ.; வானில் 15 கி.மீ., கால் மணி நேரத்துக்குள் போய்விட்டது. ட்ரோன் செய்கிறவர்கள் அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலேயே இருக்கிறார்கள். உங்கள் எழும்பூர் அலுவலகத்திலிருந்து ஒரே மின்சார ரயில்.

ஒன்று மட்டும் கவனியுங்கள். பெட்டி இறங்க வேண்டிய இடம் கிராமம் அல்ல, டாக்டர் இருக்கும் சுகாதார நிலையம். ஏ.எஸ்.வி. சிலருக்கு ஒவ்வாமையைக் கிளப்பும். பக்கத்தில் அந்த ஒவ்வாமையை அடக்கும் அட்ரினலின் ஊசியும் அதைப் போடத் தெரிந்தவரும் இருந்தாக வேண்டும். அப்புறம், திரும்பும் ட்ரோன் ஏன் சும்மா வர வேண்டும்? காசநோய்ப் பரிசோதனைக்கான சளி மாதிரிகளை அதில் அனுப்பலாம்.

ட்ரோன் வந்துவிட்டது, இனி ரோடு எதற்கு என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து தலையாட்டாதீர்கள். 2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்த குழந்தை மருத்துவமனை போய்ச் சேருமுன் இறந்தது. அங்கே வேண்டியிருந்தது ரோடுதான். கொட்டும் மழையிலும் மூடுபனியிலும் ட்ரோனும் முரண்டு பிடிக்கும்.

கண்ணுக்கெட்டாத தூரம் பறக்கவிடத் தனி அனுமதி வேண்டும். அதற்கு இப்போதே எழுதிப் போட்டால், அடுத்த ஐப்பசிக்குள் ஒரே ஒரு மலையிலாவது சோதித்துப் பார்க்கலாம். பெட்டி அடுக்க ஆள் தேவைப்பட்டால் சொல்லி அனுப்புங்கள். ரிட்டயர் ஆகி வீட்டில் சும்மாதான் இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மருந்தாளுநர் ஒருவர்,
சைதாப்பேட்டை, சென்னை