புதையல் வரைபடம் எனக் கருதப்பட்ட துணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். இவ்வாண்டில் நமது வரலாற்றுச் சங்கத்தின் காலத்தையும் கவனத்தையும் பெரிதும் எடுத்துக்கொண்ட துணியைப் பற்றியே விரிவாகக் கூற விரும்புகிறேன்.

கும்பகோணத்தில் அரசலாற்றை ஒட்டிய ஒரு பழைய வீட்டின் பரணில் கிடந்த வண்ணம் தீட்டிய துணியை, நம் உறுப்பினர் ஒருவர் சித்திரை மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தார். இரண்டு தூண்கள், வளைந்தேறும் படிக்கட்டு, அதன் முடிவில் ஓர் அறை, வாசலுக்கு வெளியே விழும் நீர், நீரருகே ஒரு தானியக் கதிர் ஆகியவை அதில் இருந்தன. நீரோரத்துக் கதிரைக் கண்டதும் அது வயலும் மதகும்தான் என்று நமக்குத் தோன்றியது இயல்பே. 3, 5, 7 எனப் பிரிந்திருந்த படிகளை மதகிலிருந்து எண்ணவேண்டிய அடிகளாகக் கொண்டு, இளைஞர் சிலர் புதையல் தேடி வாய்க்கால் கரையில் குழி வெட்டினர். அன்றே நான் தடுத்திருக்க வேண்டும். மேட்டூர் அணை திறக்கும் ஜூன் 12-க்கு முன்பே அவர்கள் மண்ணிட்டுக் கரையைக் கெட்டிப்படுத்தியது ஆறுதல். மண்ணில் கிடைப்பது 10 ரூபாய்க்கு மேல் பெறுமானால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்ற 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டத்தையும் உறுப்பினர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

பின்னர் படங்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டதில், இது ஃப்ரீமேசன் என்னும் சடங்குமுறைச் சகோதர அமைப்பின் லாட்ஜுகளில், அதாவது அதன் கிளைச் சங்கங்களில், இரண்டாம் நிலை உறுப்பினருக்குப் பாடம் சொல்லும் ‘டிரேசிங் போர்டு’ என்ற குறியீட்டுப் படம் என்பது தெளிவாயிற்று. தூண்கள் விவிலியம் கூறும் சாலமோன் ஆலயத்தின் யாகீன், போவாசு என்னும் இரு தூண்கள்; படிக்கட்டு அவ்வாலயத்தின் நடு அறைக்கு ஏறுவது. கதிர், விவிலியத்தில் யோர்தான் ஆற்றுத் துறையில் உச்சரிப்பைக் கொண்டு எதிரியைப் பிரித்தறியக் கேட்கப்பட்ட ‘ஷிபோலேத்’ என்னும் சொல்லைக் குறிக்கிறது. எபிரேயத்தில் அச்சொல்லுக்குக் கதிர் என்ற பொருளும் உண்டு. 18-ஆம் நூற்றாண்டில் இப்படங்களைச் சுண்ணக்கட்டியால் தரையில் வரைந்து, சடங்கு முடிந்ததும் துடைத்துவிடுவார்கள் என்று படித்தபோது, நம் வீட்டு வாசலின் கோலம் என் நினைவுக்கு வந்தது. நாளடைவில் அவை துணிக்கும் பலகைக்கும் மாறின.

இத்தகைய துணி நம் வட்டாரத்துக்கு வந்ததும் வியப்பன்று. ஆற்காட்டு நவாபின் மகன் உம்தத்-உல்-உமரா 1770-களிலேயே திருச்சிராப்பள்ளியில் ஃப்ரீமேசனாகச் சேர்ந்தவர்.

லாட்ஜ் மரபும் புதையல் கதையும் கலப்பது பிற இடங்களிலும் உண்டு. 1795-இல் தொடங்கியதாகச் சொல்லப்படும் கனடாவின் ஓக் தீவுப் புதையல் குழிக் கதை, ஃப்ரீமேசன்களின் மறைந்த நிலவறைக் கதையை ஒத்திருப்பதை ஆய்வாளர் ஜோ நிக்கல் 2000-இல் எடுத்துக்காட்டினார். புதைந்த அறை ஃப்ரீமேசன்களுக்கு இழந்த ஞானத்தின் உருவகம். அதைத் தூரமும் திசையுமாக அளந்ததே நாம் செய்த பிழை.

துணியின் மடிப்புகளில் பூச்சி அரித்திருக்கிறது. அதை மடிக்காமல் உருளையில் சுற்றி வைக்கும் செலவுக்குப் பொதுக்குழுவின் ஒப்புதலை வேண்டுகிறேன். தங்கள் வீட்டுப் பழைய கடிதங்களிலோ கணக்கேடுகளிலோ லாட்ஜ் சந்தா பற்றிய குறிப்பு கிடைத்தால், அதன் நகலை ஆவணி மாதக் கூட்டத்துக்குக் கொண்டுவருமாறும் உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்