நம்ம பட்டாளம் பகுதிப் பெரியவர்களின் நினைவுப் பதிவு: பிப்ரவரி 8, ஞாயிறு

அனைவருக்கும் வணக்கம்.

பின்னி துணி மில்லில் வேலை பார்த்தவர்கள் நம் தெருக்களில் இன்னும் இருக்கிறார்கள். 1918-இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்ததும், 1921-இல் மாதக்கணக்கில் வேலைநிறுத்தம் நடந்ததும் புத்தகத்தில் இருக்கிறது. ஆனால் மில் சங்கு ஊதினால் வீட்டில் யார் முதலில் எழுந்தார்கள், சம்பள நாளில் வாசலில் என்னென்ன கடை போட்டார்கள், 1996-இல் மில் மூடிய பிறகு குடும்பம் எப்படிச் சமாளித்தது என்பதெல்லாம் இவர்களுக்குத்தான் தெரியும். போன வருஷம் இரண்டு பேரை இழந்துவிட்டோம். இனியும் தள்ளிப்போட வேண்டாம்.

நேரம்: மாலை 4 மணி
இடம்: நம் சங்க அலுவலகம், கீழ்த்தளம் (படி ஏற வேண்டாம்)

1. உங்கள் வீட்டில் 70 வயதைத் தாண்டியவர் இருந்தால் பெயரை எனக்குத் தனியாக அனுப்புங்கள். மில்லில் வேலை செய்யாதவர்களும் வரலாம். டிபன் கட்டிக் கொடுத்த பாட்டிகளைக் கட்டாயம் அழைத்து வாருங்கள், அவர்களிடம் இதுவரை யாரும் கேட்டதே இல்லை.
2. வர முடியாதவர்கள் வீட்டுக்கு நாங்களே வருகிறோம்.
3. பழைய போட்டோ, மில் அடையாள அட்டை, சம்பளச் சீட்டு இருந்தால் எடுத்து வாருங்கள். அங்கேயே படம் எடுத்துத் திருப்பித் தந்துவிடுவோம்.
4. அவர்கள் சம்மதம் இல்லாமல் எதையும் பதிவு செய்ய மாட்டோம். வேண்டாம் என்ற பகுதியை நீக்கிவிடுவோம்.
5. பேசும்போது குறுக்கே திருத்தாதீர்கள். வருஷம் முன்னே பின்னே இருந்தாலும் பரவாயில்லை.
6. செல்போனில் பதிவு செய்ய, கேட்டு எழுத இளைஞர்கள் நான்கு பேர் தேவை.

புதன்கிழமைக்குள் பதில் போடுங்கள்.