பிக்சர் டியூபை தெருவுல உடைக்க விடாதீங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

நான் பெங்களூரு ஸ்ரீராமபுரத்துல 30 வருஷத்துக்கு மேல டிவி ரிப்பேர் பண்றவன். போன வாரம் கடைக்கு பின்னாடி சந்துல பார்த்தத எழுதாம இருக்க முடியல. குஜரி கடைக்கு, அதான் பழைய சாமான் கடைக்கு, பொறுக்கி போடுற பசங்க ரெண்டு பேர், பத்து பன்னெண்டு வயசுதான் இருக்கும், யாரோ வெளிய வெச்சிட்டு போன 21 இன்ச் பழைய டப்பா டிவிய கல்லால போட்டு உடைச்சிட்டு இருந்தாங்க. அவங்களுக்கு வேண்டியது காப்பர். பிக்சர் டியூப்ங்கறது படம் தெரியற பெரிய கண்ணாடிக் குடுவை. அதோட கழுத்துல இருக்கற யோக், அத சுத்தி ஓடுற டீகாஸிங் காயில், ரெண்டும் காப்பர் கம்பிச் சுருள், ரெண்டையும் பிச்சிக்கிட்டு போனா எடைக்கு காசு, கண்ணாடி பூரா மோரி ஓரமா அப்படியே கெடந்துச்சு. நான்தான் கூட்டி சாக்குல கட்டி வெச்சேன்.

அது சாதா கண்ணாடி இல்லீங்க. டியூபுக்குள்ள காத்து கிடையாது, வேக்குவம், தப்பான எடத்துல அடிச்சா சில்லு முகத்துக்கே தெறிக்கும். கலர் டிவில 25 ஆயிரம் வோல்ட் கிட்ட ஓடுது, ஆஃப் பண்ணினாலும் சார்ஜ் நிக்கும், எங்க மேஸ்திரி எனக்கு கத்துக்குடுத்த மொத வேலையே அத எர்த் பண்ணி எறக்கறதுதான். அந்த வோல்டேஜுக்கு எக்ஸ்ரே உண்டாகும், பாக்கறவங்க மேல படக்கூடாதுன்னு பின்பக்க கண்ணாடில ஈயம் கலந்திருப்பாங்க, பெரிய டிவின்னா கிலோ கணக்குல வரும். ஈயம் சின்ன பிள்ளைங்க மூளை வளர்ச்சியையே கெடுக்கும், அந்த பசங்க செருப்பு கூட போடல.

எல்ஈடி வந்தத நான் குறை சொல்லல. எடை கம்மி, கரண்ட் கம்மி, சின்ன வீட்டுல சுவத்துல மாட்டிக்கலாம். நம்ம ஜாலஹள்ளி பிஇஎல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) ஃபேக்டரிலயே ஒரு காலத்துல பிளாக் அண்ட் ஒயிட் டிவிக்கு பிக்சர் டியூப் பண்ணாங்க, அந்த காலம் போச்சு, போகட்டும். ஆனா ஒண்ணு யாரும் யோசிக்கல. முன்னெல்லாம் பழைய டியூப் கண்ணாடிய உருக்கி புது டியூபே பண்ணுவாங்க, அதனால அதுக்கு ஒரு வெல இருந்துச்சு. இப்ப டியூப் பண்ற ஃபேக்டரியே இல்ல, ஈயக் கண்ணாடிய வாங்க ஆள் இல்ல, அதான் காப்பர் மட்டும் கடைக்கு போகுது, கண்ணாடி நம்ம தெருவுல நிக்குது. இதே கதி நாளைக்கு பழைய எல்சிடிக்கும் வரும், அதுல பின்னாடி எரியற மெல்லிசு டியூப்லைட்ல பாதரசம் இருக்கு.

சட்டம் இல்லாம இல்ல. 2022-ல போட்ட மின்கழிவு விதி 2023 ஏப்ரல் 1-லேர்ந்து நடைமுறைல இருக்கு, டிவி அந்த லிஸ்ட்லயே வருது, ரீசைக்கிள் ஆகற பொறுப்பு தயாரிக்கற கம்பெனியோடது. ஆனா பண்டிகைக்கு எக்ஸ்சேஞ்ச்ல டிவி எடுக்கற கடைல, இது எங்க போகுதுன்னு நான் கேட்டா வண்டி வரும்னு சொல்றாங்க, அதுக்கு மேல பதில் இல்ல.

பழைய டிவி எந்த ரிஜிஸ்டர்ட் ரீசைக்கிளருக்கு போகுதுன்னு கடைக்காரங்க பில்லுலயே எழுதி தரணும். மாநகராட்சி, வார்டு உலர் கழிவு மையத்துல மாசம் ஒரு நாள் டிவி வாங்கிக்கணும், கசா (குப்பை) வண்டி மைக்ல கன்னடத்துலயும் தமிழ்லயும் அத சொல்லணும். வீட்டுல இருக்கறவங்க தயவுசெஞ்சு பழைய டிவிய ராத்திரில தெருமுனைல வெச்சிட்டு போகாதீங்க, பக்கத்துல இருக்கற மெக்கானிக் கிட்ட முழுசா குடுங்க.

எங்க கடை பரண்ல இப்ப 9 டியூப் உடையாம கோணி சுத்தி வெச்சிருக்கேன், அந்த சாக்கு கண்ணாடியும் இருக்கு. எடுத்துட்டு போக வண்டி எந்த தேதில வரும்னு சம்பந்தப்பட்டவங்க உங்க பேப்பர் மூலமா சொன்னா போதும், நானே ஏத்தி விடறேன்.

இப்படிக்கு,
டிவி மெக்கானிக் ஒருவர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு