கதிர்வீச்சுப் பிரிவின் அண்ணனுக்கும் மற்ற அனைவருக்கும் நன்றி

அப்பாவின் கதிர்வீச்சுச் சிகிச்சை நேற்று நிறைவுற்றது. நடந்தவை உங்கள் எல்லோருக்கும் தெரியும் என்பதால், நன்றியை மட்டும் எழுதுகிறேன்.

முதல் நன்றி, கதிர்வீச்சுப் பிரிவில் தள்ளுவண்டி தள்ளும் அண்ணனுக்கு. பெயரைக் குறிப்பிட வேண்டாமென்று கேட்டுக்கொண்டார். அப்பாவின் உமிழ்நீர்ச் சுரப்பிகளைக் காக்க நாள்தோறும் அமிஃபாஸ்டின் ஊசி போடப்பட்டது. பனிப்போர்க் காலத்தில் படைவீரர்களை அணுக்கதிர்வீச்சிலிருந்து காக்கவென்று அமெரிக்காவின் வால்டர் ரீட் ராணுவ ஆய்வு நிலையத்தில் உருவாகி, 1999-இல் அந்நாட்டில் தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் வாய் வறட்சிக்கு ஒப்புதல் பெற்ற மருந்து இது. இதைச் செயல்பட வைக்கும் நொதி நல்ல திசுக்களில் மிகுதியாகவும் கட்டியில் குறைவாகவும் இருப்பதால், காவல் பெரும்பாலும் நல்ல திசுக்களுக்கே கிடைக்கிறதாம். ஆனால் ரத்தத்தில் நெடுநேரம் தங்காது; கதிர்வீச்சுக்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் செலுத்தியாக வேண்டும். எந்திர அறையின் வரிசையோ எந்தக் கடிகாரத்துக்கும் கட்டுப்படுவதில்லை.

யாரும் கேட்காமலேயே அந்த அண்ணன் எந்திர அறை வாசல்வரை போய்ப் பார்த்து வந்து, "சிஸ்டர், இன்னும் ஒருத்தர்தான், மருந்தைக் கலக்கலாம்" என்பார். அதன் பிறகே தூள்மருந்துக் குப்பி திறக்கப்படும். ஊசி ஏறும்போது ரத்த அழுத்தம் சரியக்கூடும் என்பதால், அப்பாவை எழுந்து நடக்கவிடாமல், தலைமாட்டில் வாந்திக்கென ஒரு கிண்ணத்தையும் வைத்து, படுத்தபடியே தள்ளிச் செல்வார். எந்திரம் பழுதாகி நின்ற ஒரு பிற்பகலில், சிஸ்டர் சிரிஞ்சைக் கையிலெடுத்த வேளையில் ஓடிவந்து, "கலக்காதீங்க" என்று தடுத்தார். அன்று ஒரு குப்பி மிச்சமானது. அதன் விலை தெரிந்தவர்களுக்கு அந்த ஓட்டத்தின் மதிப்பும் தெரியும்.

மருத்துவர்கள், செவிலியர்கள், கணக்குப் பார்க்காமல் கைமாற்று தந்த சித்தப்பா, என் வேலையைப் பங்கிட்டுக்கொண்ட அலுவலகத் தோழர்கள், கஞ்சி கொடுத்தனுப்பிய எதிர்வீட்டு அத்தை ஆகிய அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

வாய்ப்புண் இன்னும் ஆறவில்லை. ஆயினும் குழைத்த ரசம் சாதத்தை அப்பா வாய்க்கு வாய் தண்ணீர் குடிக்காமல் விழுங்குகிறார். அதில் மருந்தின் பங்கு எவ்வளவு என்று மருத்துவராலேயே அளந்து சொல்ல இயலாது. அண்ணனின் பங்கு எனக்குத் தெரியும். துணைக்கு ஆளில்லாமல் வரும் நோயாளிகளுக்காக, வாரம் ஒரு நாள் அங்கே சென்று அவருக்கு உதவ முடிவு செய்துள்ளேன். அவர் சம்மதித்துவிட்டார், பிரிவுத் தலைவரின் அனுமதிதான் பாக்கி.