மாத்திரையும் இலையும் ஒரே நோட்டில்: 2025ஆம் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வைத்தியப் பாட்டிக்கும், மாமரத்தடியில் கூடியிருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். தான்சானியாவின் தாங்கா மாகாணத்தில், மூஹேசா ஆரஞ்சுத் தோட்டங்களுக்கு நடுவே, எச்.ஐ.வி.யோடு வாழும் நாம் கூடி நடத்தும் இந்தச் சங்கத்தின் ஆண்டறிக்கையைச் செயலாளர் என்ற முறையில் வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். காசைப் பற்றிய கேள்விகளை அவருக்கென்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஆண்டு இரண்டு பேரை இழந்தோம். ஒருவருக்குக் காசநோய். மற்றவருக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான். நம் சங்கத்தில் ஒருவர் மூப்பினால் போவது இதுதான் முதல் தடவை என்று அடக்கத்தன்று தலைவர் சொன்னார். துக்க வீட்டில் சொல்லக் கூடாத மாதிரி ஒரு பெருமை அவர் குரலில் இருந்தது. யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

போன பொதுக்கூட்டத்தில் நாம் போட்ட பெரிய தீர்மானம் ஒன்றுதான். யார் என்ன இலை, வேர், பட்டை சாப்பிட்டாலும் அதை ஒளிக்காமல் நோட்டில் எழுத வேண்டும், மாதம் ஒருமுறை அந்த நோட்டை நர்ஸிடம் காட்ட வேண்டும். இது ஏன் தேவைப்பட்டது என்று புதிய உறுப்பினர்களுக்காகச் சொல்கிறேன். நாம் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறவர்கள். நர்ஸ் கேட்டால் "வேறெதுவும் சாப்பிடுவதில்லை" என்போம். வைத்தியர் வீட்டுக்குப் போனால் மாத்திரை டப்பா பையின் அடிக்குப் போய்விடும். டப்பா குலுங்கிக் காட்டிக்கொடுக்காமல் இருக்க உள்ளே பஞ்சு வைப்போம். எனக்கே அந்தப் பழக்கம் பல வருடம் இருந்தது. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிடுவார் என்று பயம்.

முதல் மூன்று மாதம் நோட்டில் ஒன்றுமே இல்லை. தேதியும் பெயரும் மட்டும். அப்புறம் வைத்தியப் பாட்டியே ஒருநாள் வந்து, தான் யாருக்கு என்ன கொடுத்தேன் என்று சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வாய்ப்புண்ணுக்கு எலுமிச்சம்புல் கஷாயம். காய்ச்சலுக்கு முவாரோபைனி, அதாவது நாற்பது நோய்க்கு மருந்து என்று பெயரிலேயே சொல்லிவிடும் வேம்பு. குமட்டலுக்கு இஞ்சி. பாட்டி வாய் திறந்த பிறகு மற்றவர்கள் மூடி வைக்க என்ன இருக்கிறது? ஜூன் மாதத்திலிருந்து பக்கங்கள் நிறையத் தொடங்கின.

அதில் ஓர் அக்காவின் பக்கத்தைப் பற்றிச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். ஆறு இலைகளின் பெயர் எழுதியிருந்தார். ஏழாவதாக, இடம் போதாமல் ஓரத்தில் சின்ன எழுத்தில், கடையில் வாங்கிய நெஞ்செரிச்சல் மாத்திரை. நர்ஸ் திட்டப்போகிறார் என்று நாங்கள் நினைத்தது இலைகளுக்காக. அவர் ஆறையும் படித்துவிட்டு விரல் வைத்தது ஏழாவதில். நாம் இப்போது தினமும் போடும் ஒற்றை மாத்திரைக்குள் டெனோஃபோவிர், லாமிவுடின், டொலுடெக்ராவிர் என்று மூன்று மருந்து இருக்கிறது. இதில் டொலுடெக்ராவிரை, அலுமினியமும் மெக்னீசியமும் கலந்த நெஞ்செரிச்சல் மாத்திரை உடம்பில் சேரவிடாது. அதைப் போடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, போட்டு ஆறு மணி நேரம் கழித்தோதான் நம் மாத்திரையைப் போட வேண்டும். அந்த அக்கா இரண்டையும் ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிக்கொண்டிருந்தார். சந்தேகத்தையெல்லாம் காட்டுச் செடி மேல் வைத்திருந்தோம், கடைச் சரக்கை யாரும் கேட்கவே இல்லை. இனி நோட்டில் கடை மாத்திரைக்கும் ஒரு கட்டம் உண்டு.

அதற்காக இலையெல்லாம் சாது என்று நான் சொல்ல வரவில்லை. பூண்டை மட்டும் நம்பினால் போதும் என்று ஓர் உறுப்பினர் ஒவ்வொரு கூட்டத்திலும் பேசுகிறார். சாப்பாட்டில் பூண்டு தாராளமாகப் போடலாம். ஆனால் முன்பு எச்.ஐ.வி.க்குச் சக்வினாவிர் என்றொரு மருந்து இருந்தது. பூண்டுக் குளிகை சாப்பிட்டவர்கள் ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைந்ததைக் கண்டுபிடித்தார்கள். தென்னாப்பிரிக்காவில் சுகாதார அமைச்சராக இருந்த மான்டோ ஷபலாலா-ம்சிமாங் பூண்டு, பீட்ரூட், எலுமிச்சை என்று பேசிவந்த காலத்தில் அரசு மருந்து கொடுப்பதையும் தாமதப்படுத்தியது. அந்தத் தாமதத்தால் 3,30,000 உயிர்களுக்கு மேல் போனதாக 2008இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். அந்த உறுப்பினர் அடுத்த கூட்டத்தில் பூண்டு பற்றிப் பேசுவதாக இருந்தால் ஐந்து நிமிடம் மட்டும் தரப்படும்.

வைத்தியப் பாட்டிக்கு நன்றி சொல்லாமல் மேலே போக முடியாது. விலாவைச் சுற்றிப் பட்டையாகக் கொப்புளம் கிளம்பும் அக்கியை நாம் "பட்டாளத்து பெல்ட்" என்போம். இளவயதுக்காரருக்கு அது வந்தால் உடம்பின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம் என்பது பாட்டிக்கு நன்றாகத் தெரியும். கற்றாழைச் சோற்றைத் தடவிவிடுவார், ஆனால் தடவுவதற்கு முன்னாலேயே "ரத்தம் சோதித்தாயா" என்று கேட்டுவிடுவார். பாட்டிக்கு எழுத வராது. ஆரஞ்சு நூலை முடிந்து கையில் கொடுத்து நர்ஸிடம் அனுப்புவார். நூலைப் பார்த்ததும் நர்ஸ் வரிசையில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டுக்கொள்வார். இது நம் ஊர்ப் புதுமை என்று யாரும் பெருமைப்பட வேண்டாம். தாங்கா நகரில் மருத்துவர்களும் நாட்டு வைத்தியர்களும் சேர்ந்து எய்ட்ஸ் செயற்குழு அமைத்து வேலை செய்தது 1990களிலேயே நடந்த கதை. அப்போது வைரஸை அடக்கும் மாத்திரை நம் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. நாட்டில் அரசு அதைக் கொடுக்கத் தொடங்கியதே 2004இல்தான். இடைப்பட்ட வருடங்களில் புண்ணைக் கழுவி, கஞ்சி ஊற்றி, பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் இந்த வைத்தியர்கள்தான்.

இனி, சொல்லக் கஷ்டமான ஒன்று. ஆகஸ்ட்டில் நம் இளைஞர் ஒருவர் சந்தையில் "முழுக் குணம்" என்று விற்ற பாட்டிலை வாங்கி, மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்று மாதம் யாருக்கும் தெரியாது. நோட்டில் அவர் பக்கம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதைப் பார்த்தே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். செயலாளரின் தவறு என்று இதைப் பதிவு செய்கிறேன். சட்டை தொளதொளவென்று தொங்க, வாயெல்லாம் வெள்ளை படர்ந்து வந்தபோதுதான் விஷயம் வெளிவந்தது. இப்போது மறுபடி மாத்திரை போடுகிறார், இன்று அதோ பின்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவரை யாரும் கேலி செய்யக் கூடாது.

கேலி செய்ய எனக்குத் தகுதியும் இல்லை. 2011இல் நம் நாட்டின் வடக்கே இருக்கும் லொலியொண்டோவுக்கு நானும் போனவள். ஓய்வுபெற்ற லூத்தரன் பாதிரியார் அம்பிலிகிலே ம்வாசபிலே சமுங்கே கிராமத்தில் களாச்செடி இனத்து வேரைக் காய்ச்சி, 500 ஷில்லிங்குக்கு ஒரு கோப்பை கொடுத்தார். ஒரே கோப்பையில் எல்லா நோயும் தீரும் என்றார்கள். ஆட்டை விற்றுப் பஸ் ஏறினேன். கிலோமீட்டர் கணக்கில் வண்டிகள் நின்றன. பிளாஸ்டிக் கோப்பை கைக்கு வர நான்கு நாள் ஆயிற்று. கசப்பு பெரிதாக ஒன்றுமில்லை. ஊர் திரும்பியும் நான் மாத்திரையை விடவில்லை. அதற்குக் காரணம் பயம்தான். அறிவு என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அதே பஸ்ஸில் என்னோடு வந்த இருவர் விட்டார்கள். இந்த மாமரத்தடியில் அவர்கள் இல்லை.

ஜனவரியில் அமெரிக்கா வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தது எல்லோருக்கும் தெரியும். வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் நம் தொண்டர்களின் மாதப் படி நின்றுபோனது. மாத்திரை வந்தது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்ததால் போகிற தடவை கூடி, மோட்டார் சைக்கிள் வாடகையும் ஏறியது. மொசாம்பிக்கின் டெட்டே மாகாணத்தில் 2008 முதல் நடக்கும் வழியை நர்ஸ் சொன்னார். ஆறு பேர் ஒரு குழு, முறை வைத்து ஒருவர் போய் ஆறு பேருக்கும் வாங்கி வருவார், போகிறவர் தன் பரிசோதனையையும் முடித்துக்கொள்வார். செப்டம்பர் முதல் நாமும் அப்படியே செய்கிறோம். ஒரு குழு ஏற்கெனவே சண்டை போட்டுப் பிரிந்து மறுபடி சேர்ந்துவிட்டது. மாத்திரை டப்பாவில் "இந்தியத் தயாரிப்பு" என்றிருப்பதை ஒரு குழுவினர் காட்டினார்கள். வேப்பமரமும் அந்தப் பக்கத்திலிருந்து வந்ததுதானே என்று பாட்டி கேட்டார். யாரும் மறுக்கவில்லை.

தோட்டம் சுமார். கீரை நன்றாக வந்தது, முருங்கைக் கன்றுகளைத் தலைவரின் ஆடுகள் இரண்டு தடவை மேய்ந்துவிட்டன. வேலி போடுவது என்று முடிவெடுத்தோம், யார் செலவில் என்பது நிலுவையில் இருக்கிறது. சேமிப்புப் பெட்டியின் மூன்று சாவிகளில் ஒன்று காணவில்லை.

கடைசியாக, பாட்டியிடம் ஆரஞ்சு நூல் தீர்ந்துவிட்டது. தாங்கா போகிறவர்கள் இரண்டு உருண்டை வாங்கி வரவும். ரசீது கட்டாயம் என்கிறார் பொருளாளர்.